வள்ளத்துக்குக் குறி சுட்டவள்

நெடுந்தீவு ஜசிந்தாவைப் படைத்தபோது கடவுள் பயத்தை வைக்க மறந்துவிட்டார் என்று ஊரார் சொல்வார்கள். அது பொய். அவளுக்குக் கடலென்றால் பயம்.

தீவில் பிறந்தவளுக்குக் கடற்பயமா என்று சிரிக்க வேண்டாம். தீவின் நடுவில், மாடும் பனையுமாகச் சீவிக்கிற கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம் அவளுடையது. மாடு வழிதவறினால் மட்டுமே அவர்கள் கடற்கரையை எட்டிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவள், கட்டினால் கரையோரத்துச் சந்தியோகுவைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மீன்பிடிகாரனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று தகப்பன் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தார். மகள் நான்கு நாள் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் தகப்பன் தோற்றுப்போய், மூன்று பசுக்களையும் வீட்டுக் குறிக்கம்பியையும் சீதனமாகக் கொடுத்து அனுப்பினார்.

குறிக்கம்பியை லேசாக நினைக்கக்கூடாது. நெடுந்தீவில் குடும்பத்துக்கு ஒரு குறி உண்டு. கம்பியை நெருப்பில் பழுக்கவைத்துக் கன்றின் தொடையில் வைத்துவிட்டால், பிறகு அது எந்த வெளியில் மேய்ந்தாலும் இன்னார் வீட்டு மாடு என்பதில் வழக்கில்லை. அரசாங்கத்தின் ஊர் அதிகாரியான விதானையாரின் கொப்பியிலும் அந்தக் குறி கீறப்பட்டிருக்கும். ஜசிந்தா வீட்டுக் குறி ஒரு சிலுவை, அதன் காலடியில் ஒரு 'ட'. ஏன் 'ட' என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது. மாட்டுக்குத் தெரிந்தால் போதும் என்பாள்.

சந்தியோகு, மீன்பிடி முதலாளியான மனுவேல் சம்மாட்டியாரின் வள்ளத்தில் தொழில் செய்தவன். நல்லவன், சிரித்தமுகம், கொஞ்சம் மறதிக்காரன். கலியாணம் முடிந்து இரண்டு வருஷம். முப்பத்தொன்றாம் ஆண்டு வைகாசியில் ஒரு நாள் காலை, பழுது பார்ப்பதற்காக அந்த வள்ளத்தை ஊர்காவற்றுறைக்குத் தனியாக ஓட்டிக்கொண்டு போனான். மத்தியானம் ஒரு காற்று அடித்தது. அவன் ஊர்காவற்றுறைக்கும் போய்ச் சேரவில்லை, நெடுந்தீவுக்கும் திரும்பவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. ஒரு துடுப்புக்கூடக் கிடைக்கவில்லை.

மூன்று மாதம் பார்த்துவிட்டுச் சம்மாட்டியார் கோயில் வாசலில் நின்று சொன்னார், "சந்தியோகு செத்திருந்தால் ஒரு பலகையாவது வந்திருக்கும். அவன் என்ரை வள்ளத்தைத் தூத்துக்குடியிலை வித்துப்போட்டு, அங்கை ஒருத்தியோடை இருக்கிறான். கள்ளன்!"

சம்மாட்டியார் சொன்னால் அதற்கு மறுபேச்சு ஏது? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அன்றிலிருந்து ஜசிந்தாவுக்குப் பெயர் போய், 'கள்ளன்ரை பெண்சாதி' ஆகிவிட்டது. கிணற்றடியில் வாளியை அவள் எடுத்தால் மற்றவள் ஒரு அடி விலகி நின்றாள்.

அதையெல்லாம் அவள் பொறுத்தாள். ஒன்றைத்தான் பொறுக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் கார்த்திகை இரண்டாந் திகதி, மரித்த ஆத்துமாக்களின் திருநாளன்று, ஊரில் இறந்தவர்களின் பெயர்களைச் சுவாமியார் பூசையில் வாசிப்பார். சந்தியோகுவின் பெயர் அதில் வரவில்லை. ஜசிந்தா போய்க் கேட்டாள்.

"மகளே, ஓடிப்போனவன் எண்டு ஊர் சொல்லுது. செத்தவன் எண்டு நான் எப்பிடி வாசிக்கிறது?" என்றார் சுவாமியார். நல்ல மனிதர்தான், ஆனால் சட்டம் பார்க்கிறவர். "விதானையார் ஒரு துண்டு எழுதித் தரட்டும். வாசிக்கிறன்."

அப்புத்துரை விதானையார் சம்மாட்டியாரை மீறித் துண்டு எழுதுகிற ஆளில்லை. வருஷா வருஷம் புரட்டாதியில் ஜசிந்தா அவர் வாசலுக்குப் போவாள். வருஷா வருஷம் அவர், "அத்தாட்சி ஏதும் இருந்தால் கொண்டுவா," என்பார். ஐந்து வருஷம் இப்படியே போயிற்று.

முப்பத்தாறாம் ஆண்டு புரட்டாதியில் அவளுடைய சிவலைப் பசு மேற்குக் கரைப் பக்கம் போய்விட்டது. தேடிப் போனவள், பொழுது சாய்கிற நேரம், முருகைக்கல் பாறைகளுக்கு நடுவே மணலில் பாதி புதைந்து கிடந்த ஒரு மரத்துண்டைக் கண்டாள். ஏதோ ஒரு வள்ளத்தின் முன்தலை. இரண்டு ஆள் நீளம். உப்பிலும் வெயிலிலும் கிடந்து மாட்டெலும்பு போல வெளுத்து, மேற்பரப்பு நார்நாராக எழும்பி, ஆணி இருந்த துளைகளிலிருந்து கறள் வடிந்திருந்தது. தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று அண்மையில்தான் அதைக் கொண்டுவந்து எறிந்திருக்க வேண்டும்.

ஜசிந்தா கடக்கப் போனாள். கடல்மட்டத்தோடு வந்த வெயில் பலகையின் மேல் படுத்தபடி ஓடியது. அதில் ஒரு சிலுவை எழும்பியது. சிலுவையின் காலடியில் ஒரு 'ட'. அந்த 'ட'வின் மேலேயே நாலைந்து சிப்பிகள் ஒட்டி வளர்ந்திருந்தன.

அவள் மணலில் குந்திவிட்டாள். அந்தக் குறியைச் சுட்டது யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளேதான்.

சந்தியோகு போவதற்கு ஒரு கிழமைக்கு முந்தி நடந்தது அது. இரண்டு தரம் அவன் பனிப்புகாரில் திசை தவறி விடிந்த பிறகு வந்து சேர்ந்திருந்தான். கடலை அவள் நம்பவில்லை, ஆனால் குறியை நம்பினாள். குறி சுட்ட மாடு எங்கே போனாலும் வீட்டுக்கு வந்து சேரும் என்பது அவள் பிறந்து வளர்ந்த வீட்டின் வேதம். மத்தியானம் ஆண்கள் உறங்கும்போது, கரையில் இழுத்து விட்டிருந்த வள்ளத்துக்குள் ஏறி, முன்தலையின் உட்பக்கத்தில் கம்பியை வைத்து அழுத்திவிட்டாள். கடற்கரைப் பெண் எவளும் செய்யமாட்டாள். வள்ளத்துக்கு நெருப்புக் காட்டுவது கடற்றொழில் செய்கிறவர்களுக்கு ஆகாது. மாட்டுக்காரன் மகளுக்கு அதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

சந்தியோகு கண்டுபிடித்துவிட்டான். கோபிக்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தான். "என்னையும் ஒருக்கால் சுட்டு விடனப்பா, துலையாமல் வருவன்," என்று சொல்லி, கயிற்றுச் சுருளைக் குறிக்கு மேல் போட்டு மறைத்தான். சம்மாட்டியாருக்குத் தெரியாது.

இப்போது அந்தப் பலகை வந்திருக்கிறது. காட்டினால் சந்தியோகுவின் பெயர் மீளும். ஆனால் பிறத்தியாரின் வள்ளத்தில் குறி சுட்ட குற்றம் அவளுடைய தலையில் விழும். அதைவிட மோசமான இன்னொன்றும் உண்டு: நெருப்புக் காட்டி வள்ளத்தைக் கவிழ்த்தவள், கட்டினவனைத் தின்றவள் என்று ஊர் சொல்லும். அந்த எண்ணம் ஐந்து வருஷமாக அவளுக்குள்ளேயே கிடந்து அரித்தது. வேறொருத்தியாக இருந்தால் கடலலை திரும்ப இழுத்துப் போகட்டும் என்று விட்டிருப்பாள்.

ஜசிந்தா அடுத்த நாளே விதானையாரிடம் போனாள்.

விதானையார் தன் வேலைகளை முடித்துக்கொண்டு, சம்மாட்டியாரையும் கூட்டிக்கொண்டு கரைக்கு வந்து சேர உச்சிவெயிலாகிவிட்டது. குடைபிடித்தபடி பலகையைச் சுற்றி வந்தார். உச்சியிலிருந்து விழுந்த வெயிலில் பலகை வெள்ளை வெளேரென்று கிடந்தது. குறியும் இல்லை, கிறியும் இல்லை.

"இதிலை ஒண்டும் தெரியேல்லையே," என்றார் விதானையார்.

சம்மாட்டியார் பலகையைக் காலால் தட்டினார். "கொச்சிப் பக்கத்துப் பலகை இது. என்ரை வள்ளத்திலை இப்பிடி மரம் இல்லை. இவளுக்கு விசர்."

"ஐயா, இந்த வெய்யிலிலை தெரியாது," என்றாள் ஜசிந்தா. "பழங்குறி பொழுதுபடேக்கைதான் தெரியும். மயிர் மூடின மாட்டுக்கும் அப்பிடித்தான். பின்னேரம் வாங்கோ."

"பொழுதுபடுகிற நேரம் கள்ளன்ரை பெண்சாதியோடை கரையிலை நிக்க எனக்கென்ன தலையெழுத்தோ?" என்று சம்மாட்டியார் சிரித்தார். விதானையாரும் கொஞ்சம் சிரித்தார். கரை ஒதுங்கினதெல்லாம் அரசாங்கத்துச் சொத்து, ஒருவரும் தொடவோ இழுக்கவோ கூடாது, மாதம் முடியச் சுண்ணாம்புச் சூளைக்கு விறகாகக் கொடுக்கப்போகிறேன் என்றும் சொல்லி வைத்தார்.

ஜசிந்தாவுக்குக் கண் சிவந்தது. "நீங்கள் இஞ்சை வரமாட்டியள். பலகையையும் அங்கை கொண்டுவர விடமாட்டியள். சரி. அந்தப் பின்னேர வெய்யிலை உங்கடை முற்றத்துக்குக் கொண்டு வாறன்."

எப்படி என்று அவளுக்கே அப்போது தெரியாது. வாய் முந்திவிட்டது. ஆனால் அவளுடைய பிடி உடும்புப்பிடி.

வழியை அந்தக் கிழமையே ஒரு கலியாண வீடு காட்டிவிட்டது. ஊர்காவற்றுறையிலிருந்து படம் பிடிக்கிற சில்வெஸ்ரர் வந்திருந்தார். மூன்று கால் தாங்கி, மரப்பெட்டிக் கமரா, கறுப்புத் துணி, தடித்த மீசை. மாப்பிள்ளை பொம்பிளையை உச்சிவெயிலில் நிறுத்தி, கண்ணைச் சிமிட்டவேண்டாம் என்று அதட்டிக்கொண்டிருந்தவரிடம் ஜசிந்தா நேரே போனாள்.

"அண்ணை, ஒரு படம் பிடிக்கவேணும்."

"ஆருக்கு? உமக்கோ?"

"பலகைக்கு."

சில்வெஸ்ரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார். பிணத்தைப் பிடித்திருக்கிறார், பேர்பெற்ற கிடாயைப் பிடித்திருக்கிறார், பலகையைப் பிடிக்கச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. ஜசிந்தா கதையைச் சொன்னாள். தான் குறி சுட்டதையும் மறைக்கவில்லை. அவர் மீசையைத் தடவினார். கண்ணாடித் தட்டு இரண்டுதான் மிச்சம் என்றார். ஒரு முட்டி பசுநெய் தருகிறேன் என்றாள். அது மீசையையும் தாண்டி வேலை செய்தது.

மூன்று மணிபோலக் கரைக்கு வந்தவர், தாங்கியை ஊன்றினார்.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. வெய்யில் இறங்கட்டும்."

"தங்கச்சி, இருபது வருசமாய் இந்தத் தொழில் செய்யிறன். படத்துக்கு வேண்டியது வெளிச்சம். வெளிச்சம் இப்ப நல்லாய்க் கிடக்கு. எனக்குத் தொழில் படிப்பிக்காதையும்."

அவள் தடுக்குமுன் ஒரு தட்டை முடித்துவிட்டார். கறுப்புத் துணிக்குள் அவருக்குத் தெரிந்தது வெளுத்த ஒரு பலகை, அவ்வளவுதான். ஏதும் குறி தெரிந்ததா என்று அவள் கேட்டபோது, அவர் பதில் சொல்லாமல் மற்றத் தட்டைச் செருகினார்.

ஜசிந்தா போய்ப் பலகையின் மேல் சப்பாணி கட்டி இருந்துவிட்டாள்.

"எழும்பும், தங்கச்சி."

"எழும்பமாட்டன்."

"உம்மையும் சேர்த்துத்தான் படத்திலை விழும்."

"விழட்டும். கள்ளன்ரை பெண்சாதி பலகையிலை இருக்கிறாள் எண்டு விதானையாருக்குக் காட்டுங்கோ. ஆனால் ஒண்டு, அந்த முட்டி நெய் என்ரை வீட்டிலைதான் இன்னும் கிடக்கு."

சில்வெஸ்ரர் கடலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் ஒரு பாறையில் குந்திச் சுருட்டைப் பற்றவைத்தார். இரண்டு மணித்தியாலம் அங்கேயே இருந்தார்கள். கடலில் நீர்க்காகங்கள் முங்கி எழும்பின. நாலைந்து தீவுக் குதிரைகள் வந்து பார்த்துவிட்டுப் போயின. வெயில் மஞ்சளாகி, பாறைகளின் நிழல் நீண்டு ஜசிந்தாவின் முழங்காலைத் தொட்டது.

அப்போதுதான் அவள் எழும்பினாள். "இப்ப பாருங்கோ."

அவர் நம்பாமலே துணிக்குள் தலையைக் கொடுத்தார். கமராக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். பலகையில் ஒவ்வொரு நாரும் தன் நிழலோடு எழும்பி நின்றது. ஆணித்துளைகள் குழிந்து கறுத்தன. நடுவில் தலைகீழாக ஒரு சிலுவை.

"மாதாவே!" என்றார் துணிக்குள்ளிருந்து. பிறகு மூச்சுவிடவும் பயந்தவர்போல அசையாமல் நின்று தட்டைத் திறந்து மூடினார். தலையை வெளியே எடுத்தபோது மீசையெல்லாம் வேர்த்திருந்தது.

"உம்மட்டைத் தொழில் படிச்சனான் எண்டு ஊர்காவற்றுறையிலை சொல்லமாட்டன்," என்றார். "ஆனால் படிச்சனான்."

கழுவிய படம் எட்டாம் நாள் வள்ளத்தில் வந்தது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது, பழுப்பு நிறம். ஜசிந்தா அதைச் சேலைத்தலைப்பில் பொதிந்துகொண்டு விதானையாரின் வீட்டு வளவுக்குப் போனாள். அங்கே ஏதோ வேலி வழக்குக்காகப் பத்துப் பேர் நின்றார்கள். சம்மாட்டியாரும் கதிரையில் இருந்தார். அவள் ஒருவரையும் ஒதுங்கச் சொல்லவில்லை. அவர்களாகவே ஒதுங்கினார்கள்.

"வெய்யிலைக் கொண்டு வந்திருக்கிறன்," என்று படத்தை அவர் முன்னால் இருந்த மரவாங்கின் மேல் வைத்தாள்.

விதானையார் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது. உள்ளே போய்க் குறிக் கொப்பியைக் கொண்டுவந்து ஒற்றைகளைப் புரட்டினார். "இது உன்ரை கொப்பர் வீட்டுக் குறியெல்லோ?"

"ஓம் ஐயா. குறிக்கு மேலை சிப்பியும் கிடக்கு, பாருங்கோ. நேற்றைக்கு ஒருத்தரும் சுடேல்லை."

சம்மாட்டியார் எட்டிப் படத்தைப் பறித்தார். கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். சிலுவை, 'ட', அதன் பக்கத்தில் மூன்று ஆணித்துளைகள், அவருடைய தச்சன் அடித்த முறையிலேயே. இரத்தம் தலைக்கேறிவிட்டது.

"என்ரை வள்ளத்திலை ஆரடி குறி சுட்டது?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, அதை அன்று பத்துப் பேர் நேரில் பார்த்தார்கள்.

விதானையார் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "ஆற்றை வள்ளத்திலை எண்டு சொன்னனீர், மனுவேல்?"

சம்மாட்டியாருக்குத் தான் சொன்னது அப்போதுதான் விளங்கியது. விழுங்க ஏலாது, துப்பவும் ஏலாது. ஆனால் அவர் லேசில் விடுகிற ஆளில்லை. "ஓம், என்ரை வள்ளம்தான்! அப்ப பாருங்கோ, என்ரை வள்ளத்திலை தங்கடை குறியைச் சுட்டவன் என்னத்துக்குச் சுட்டவன்? களவெடுக்கத்தானே! நான் சொன்னது சரிதானே!"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. கூட்டத்தில் இரண்டு தலைகள் ஆமென்று ஆடின. துண்டு எழுத எடுத்த பேனையை விதானையார் கீழே வைத்துவிட்டார். இந்த இடம் வரும் என்று பலகையைக் கண்ட நாளிலிருந்து ஜசிந்தாவுக்குத் தெரியும்.

"சுட்டவர் அவரில்லை," என்றாள். "நான்."

"என்ன?"

"நான்தான் சுட்டனான். என்ரை கையாலை. மாட்டுக்குச் சுடுகிற மாதிரி. அவர் கண்டிட்டுச் சிரிச்சவர், அவ்வளவுதான். களவெடுக்கச் சுடேல்லை. என்ரை மனிசன் வீட்டை வந்து சேரவேணும் எண்டு சுட்டனான். அது குற்றமெண்டால் எழுதுங்கோ. எங்கை கையெழுத்து வைக்கவேணுமோ வைக்கிறன்."

"ஐயோ, வள்ளத்துக்கு நெருப்புக் காட்டினவளே!" என்று பின்னாலிருந்து ஒருவர் தலையில் கைவைத்தார். "அதுதான் அவனைக் கடல் கொண்டது," என்றார் இன்னொருவர். ஐந்து வருஷம் அவளுக்குள் அரித்துக்கொண்டிருந்த அதே சொல். வெளியே கேட்டபோது வலித்தது, நன்றாகவே வலித்தது. ஆனால் அவள் தலையைக் குனியவில்லை.

சம்மாட்டியார் இளகின இரும்பைக் கண்ட கொல்லனைப்போலக் கதிரையை விட்டு எழுந்தார். "குறி சுட்டால் வீட்டை வரும் எண்டோ நினைச்சனி? மாட்டுப்புத்தி! வந்ததோ? சொல்லு, வந்ததோ?"

"வந்தது," என்றாள் ஜசிந்தா. "அஞ்சு வருசம் எடுத்தது, துண்டாய் வந்தது. எண்டாலும் உங்கடை துறைக்குப் போகேல்லை. என்ரை மாடு நிண்ட கரைக்கு வந்தது."

விதானையார் பேனையை எடுத்து, முப்பத்தொன்றாம் ஆண்டு வைகாசியில் சந்தியோகு வள்ளத்தோடு கடலில் மாண்டான் என்று ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்திட்டார். குறி சுட்டதற்கு வழக்கு வைக்கப்போகிறேன் என்று சம்மாட்டியார் கத்தினார். தாராளமாக வையுங்கோ என்றாள் ஜசிந்தா. வழக்கு வைத்தால், சந்தியோகு விற்றுவிட்டுப் போனதாகத் தான் சொன்ன வள்ளம் கடலில் உடைந்து கிடந்தது என்று நீதவான் முன்னால் அவரே சத்தியம் செய்ய வேண்டும். அவர் வைக்கவில்லை.

ஊர் அவளை மன்னித்தது என்று எழுத ஆசைதான், ஆனால் மன்னிக்கவில்லை. கள்ளன்ரை பெண்சாதி என்ற பெயர் போய், 'சூடு வைச்சவள்' என்று இன்னொரு பெயர் வந்தது. அதற்குப் பிறகு முப்பது வருஷம் அந்தப் பெயரோடு அவள் மாடு வளர்த்தாள். கூப்பிட்டால், "ஓம், அது நான்தான்," என்று திரும்பிப் பார்ப்பாள். இந்தப் பெயர் தன்னுடையது, தான் சம்பாதித்தது என்பது அவளுடைய எண்ணம். முந்தின பெயர் செத்தவனின் மேல் போட்ட சேறு.

அந்த வருஷம் கார்த்திகை இரண்டாந் திகதி கோயிலில் மெழுகுதிரிப் புகை நிறைந்திருந்தது. சனம் முழுதும் முழந்தாளில் நின்றது. சுவாமியார் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு வந்தார்.

"சந்தியோகு. கடலிலே மரித்தவர்."

ஜசிந்தா எழும்பி நேரே நின்றாள். யாரோ சேலையைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். தட்டிவிட்டாள். சுவாமியார் அடுத்த பெயரை வாசிக்காமல் அவளைப் பார்த்தார். கண்ணீர் தாடையால் வழிந்தது, துடைக்கவில்லை. அவளுடைய பார்வை முன்வரிசையில் இருந்த சம்மாட்டியாரின் பிடரியில் நின்றது. சனமெல்லாம் அந்தப் பிடரியையே பார்க்கத் தொடங்கியது. வெகுநேரம் கழித்து அவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் அவள் முழந்தாளிட்டாள்.